நாலாவது அட்டை

என் மகள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். பன்னிரண்டு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. போன மாதம் ஒரு பெரிய கம்பெனி அவளை சீனியர் இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அதற்கு அவள் தயாரான பத்து நாளும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவன் நான். நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன், கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனவன். வேறு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்திருப்பாள் என்று நினைப்பீர்கள். அப்படித்தான்.

அவளுக்கு ஒரு தோழி. வேறு ஊரில் இருக்கிறாள், மற்றவர்களை இன்டர்வியூ செய்கிற இடத்தில் இருப்பவள். போனில் ஒரு முறை என் மகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"உன் கை சரியாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல. தினமும் யார் முன்னாடியாவது உக்காந்து பதிலைச் சத்தமா சொல்லிப் பாரு. நாய்க்குட்டியா இருந்தாலும் பரவாயில்ல."

இதை மகள் சொன்னதும் அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நாய்க்குட்டிக்கு எங்க போறது? உங்கப்பா சும்மாதான உக்காந்திருக்காரு, அவரைப் பிடி."

தோழி அனுப்பிய பன்னிரண்டு கேள்விகளையும் மகள் தமிழில் எழுதினாள். செருப்பு வாங்கிய பெட்டியை வெட்டி, அட்டைக்கு ஒரு கேள்வியாக, எனக்காகப் பெரிய பெரிய எழுத்தில். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. அது கேள்வி கேட்கிறவருக்கான குறிப்பு என்றாள். என் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் கட்டிப் போட்டிருந்தேன். கீழே குனிந்தால் கழன்று விழும். பின்பக்கத்தை நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். முன்னறையில் பீரோ, மனைவியின் தையல் மெஷின், ஒரு மடக்கு மேசை. பீரோக் கதவில் மகள் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தாள், படம் போட்டு விளக்குவதற்கு. நான் ஸ்டூலில் உட்காருவேன். அவள் பேனாவோடு நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் வாத்தியார் மாதிரியும் நான் மக்குப் பையன் மாதிரியும் இருக்கும்.

முதல் நாள் முதல் அட்டையை விரல் வைத்து வாசித்தேன்.

"ஒரே... நேரத்தில்... ஒரு லட்சம் பேர்... உங்கள் கடைக்குள்... நுழைந்தால்... என்ன செய்வீர்கள்?"

"அப்பா, இப்படி இழுத்தா ஒரு லட்சம் பேரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நான் என்ன செய்ய, எழுத்து ஓடுது. நீ பதிலைச் சொல்லு."

அவள் கட்டம் போட்டாள், அம்பு போட்டாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நான் கேட்டேன். "இதுக்கு ஏன் இவ்ளோ படம்? ரெண்டு கதவு வை. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி நீ அந்தப் பக்கம் போ, நீ இந்தப் பக்கம் போன்னு பிரிச்சு விடு. உள்ள கை ஒழிஞ்சாத்தான் அடுத்த வண்டியைக் கூப்பிடணும். எங்க கிடங்குல அப்படித்தான்."

மகள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அதான்பா இது. வாசல்ல நிக்கிற ஆளுக்கு லோடு பேலன்சர்னு பேரு."

"லோடுன்னா எனக்குத் தெரியாதா?"

"கேட்டுக்கோடி, உங்கப்பாவுக்கு வேலை கெடச்சிடப் போகுது, உனக்குக் கெடைக்காது" என்றாள் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பத்து நாளில் மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த வேலை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். இருக்கிற வேலைக்கு என்ன குறை?

"குறை இல்லப்பா. பன்னிரண்டு வருஷமா யாரோ கோடு போடுறாங்க, நான் அந்தக் கோட்டுக்குள்ள கட்டுறேன். கோடு கோணலா இருக்குன்னு தெரியும். ஆனா அதைச் சொல்ற எடத்துல நான் இல்ல. எனக்கப்புறம் வந்தவங்க ரெண்டு பேரு இப்ப எனக்குக் கோடு போடுறாங்க. ரெண்டு கம்பெனில கடைசி ரவுண்டு வரைக்கும் போய் வந்துட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே கேக்க மாட்டேன், இப்படியே இருந்துடுவேன்."

முப்பத்துநாலு வயதில் 'இப்படியே இருந்துடுவேன்' என்று ஒருத்தி சொன்னால் அதைக் கேட்கிற தகப்பனுக்கு எப்படி இருக்கும்! நான் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் நாற்பது வருடம் ஓட்டினேன். அது அவள் வாயில் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது அட்டை இதுதான்: 'உங்கள் கையால் நேர்ந்த ஒரு பெரிய தவறைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?'

தினமும் அதற்கு ஒரே பதில்தான். ஒரு வேலைக்கு ஐந்து நாள் ஆகும் என்று சொன்னாளாம், எட்டு நாள் ஆகிவிட்டதாம். எட்டு நாள் என்று சொல்லும் இடத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு, நாள் கணக்குச் சொல்வதற்கு முன் கூட இருக்கிற இரண்டு பேரைக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்று முடிப்பாள். கேட்க இதமாக இருக்கும். எனக்கு அந்தப் பதில் மனப்பாடமாகிவிட்டது. சிரிப்பு எங்கே வரும் என்பது உட்பட.

பத்தாவது நாள் சாயங்காலம் கண்ணாடியை ஒட்டி வாங்கி வந்திருந்தேன். புதுக் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு குஷி. நாலாவது அட்டைக்கு அவள் வழக்கம்போலப் பதில் சொல்லி, வழக்கம்போலச் சிரித்தும் முடித்தாள். நான் அட்டையைத் திருப்பினேன். சின்ன எழுத்தில் இருந்தது: 'பதில் வழவழவென்று இருந்தால் 'வேறு?' என்று கேட்கவும். மூன்று தடவை கேட்கவும்.'

"வேறு?" என்றேன்.

மகள் திடுக்கிட்டாள். "என்னப்பா?"

"பின்னாடி போட்டிருக்கு. வேறு?"

இன்னொரு பதில் சொன்னாள். அதுவும் வழவழவென்றுதான் இருந்தது. யாருக்கோ கடிதம் தாமதமாகப் போட்டாளாம்.

"வேறு?"

"அப்பா, போதும். அடுத்த அட்டைக்குப் போங்க."

"மூணு தடவைன்னு எழுதியிருக்கு. நீயேதான எழுதினே?" விளையாட்டாகத்தான் கேட்டேன். "வேறு?"

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். தையல் மெஷினும் நின்றுவிட்டது.

"மூணு வருஷம் முன்னாடி மத்தியானம் உங்களுக்கு போன் பண்ணேனே, ஞாபகம் இருக்கா? நீங்க கிடங்குல சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

இருந்தது. 'அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று அழாத குறையாகச் சொன்னாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். 'அப்ப வாயைத் திறக்காதே. கேட்டா தெரியாதுன்னு சொல்லு' என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். பாக்கியெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது.

"அன்னிக்கு என்னன்னு நீங்க கேக்கவே இல்ல" என்றாள். பிறகு என்னவென்று சொன்னாள்.

கம்பெனியில் வெள்ளோட்டம் பார்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டாம், உண்மையான கணக்கு வேறாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்குமாம். வெள்ளோட்டக் கணக்கு என்று நினைத்து இவள் உண்மையான கணக்கைத் துடைத்துவிட்டாள். அன்று காலையிலிருந்து ஜனங்கள் பதிந்து வைத்த ஆர்டர் அத்தனையும் ஒரு பொத்தானில் போய்விட்டது. உள்ளே போக இவளுக்குத் தனி அனுமதி வர இரண்டு நாள் ஆகும் என்பதால், கூட வேலை பார்த்த ஒருவர் உதவிக்குத் தன் பெயரிலேயே திறந்து விட்டிருந்தார். ஒப்பந்தத்துக்கு வந்தவர், ஐம்பதை நெருங்கிய ஆள், பெரிய மீசை. எல்லாரும் மீசை என்றே கூப்பிடுவார்களாம். விசாரித்தபோது இயந்திரம் அவர் பெயரைத்தான் காட்டியது.

"அவரு என்ன சொன்னாரு?"

"அதான்பா. காலைல எனக்குத் திறந்து விட்டதையே அவரு மறந்துட்டாரு. தானும் அன்னிக்கு உள்ள போயிருந்ததால, தான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டோம்னு நம்பிட்டாரு. ஒவ்வொருத்தர் மேசைக்கா வந்து மன்னிப்பு கேட்டாரு. என் மேசைக்கும் வந்தாரு. 'உங்க வேலையும் கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்கங்கம்மா'ன்னாரு. நான் பரவாயில்ல சார்னு சொன்னேன்." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அடுத்த வாரம் அவரு வரல."

நான் அட்டையைப் பிடித்தபடி இருந்தேன்.

"நாளைக்கு அவங்க இந்தக் கேள்வியக் கேப்பாங்க. கட்டாயம் கேப்பாங்க. இதச் சொல்லட்டுமாப்பா? என்ன நடந்துச்சு, நான் எப்படிப் பேசாம இருந்தேன், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் எப்படி ரெண்டு தரம் பாத்துட்டுக் கை வெக்கிறேன், எல்லாத்தையும். சொல்லட்டுமா?"

அவள் கேட்டது அனுமதி இல்லை. தைரியம். கொஞ்சம் கொடு என்று கேட்டாள். கொடுக்கிற மாதிரி என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டு கை தூரத்தில், தையல் மெஷின்மேல், பொத்தான் டப்பாவுக்குள்.

அதைச் சொல்கிறேன். எனக்கு முப்பத்தேழு வயது, மகளுக்குப் பதினொன்று. கிடங்கில் வண்டி வந்து நின்றதும் சீட்டுக்காரர் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கையில் கொடுப்பார். எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று அதில் இருக்கும். பெட்டியை வைத்துவிட்டு, வேலை முடிந்து போகும்போது சீட்டை வாசல் ஆணியில் குத்திவிட வேண்டும். படிக்கத் தெரியாதவனை வேலைக்கு வைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்தேன். சீட்டைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, "என்ன அண்ணே, கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கீங்க" என்பேன். சீட்டுக்காரர் சிரிக்காமல், "நாலாம் கதவுப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். ஏழு வருடம் இப்படிப் போனது. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அவர் கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒருநாள் புது சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சீட்டுக்காரர் சீட்டைக் கையில் திணித்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடிவிட்டார். கேட்டால் குட்டு உடைந்துவிடும். சீட்டைப் பார்த்துப் பெரிய படிப்பாளி மாதிரித் தலையாட்டினேன். முந்தின நாள் இதே மாதிரிப் பெட்டியை நாலாம் கதவில்தானே வைத்தோம் என்று அங்கேயே கொண்டுபோய் அடுக்கினேன். ஊசி மருந்துப் பெட்டிகள். மறுநாள் மத்தியானம் வரை வெயில் அடிக்கிற சுவர் ஓரம் இருந்தன. அத்தனையும் வீண். நல்லவேளை, எந்த நோயாளிக்கும் போய்ச் சேரவில்லை.

கூப்பிட்டு விசாரித்தார்கள். சீட்டில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கே தெரியாது. "சீட்டே தரல, நாலாம் கதவுன்னு வாயாலதான் சொன்னாரு" என்றேன். முந்தின நாள் ஆணியில் குத்த மறந்த சீட்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "குடுத்தேன் சார்" என்று ஒரு தரம் சொன்னார். இவனுக்குப் படிக்கத் தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேலை தப்பியிருக்கும். என் வேலை போயிருக்கும். அவர் சொல்லவில்லை. அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

சட்டையை மனைவி துவைத்தாள், சீட்டு தண்ணீரில் கரைந்திருக்கும் என்று நானும் மறக்கப் பார்த்தேன். நாலு வருடம் கழித்து, தொழிற்சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றேன். அந்த நாட்களில் வீட்டில் கண்ட காகிதத்தையெல்லாம் எடுத்து வாசிப்பேன். ஒருநாள் பொத்தான் டப்பாவைத் திறந்தால் உள்ளே மடித்த ஒரு சீட்டு. துவைக்குமுன் மனைவி எடுத்து வைத்திருக்கிறாள். எழுத்து இருக்கிற காகிதம் என்றால் அவளுக்கு ஒரு பயம். நான் பிழையில்லாமல் வாசித்த முதல் வரி அதுதான்: 'குளிர் அறை. உடனே.'

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. அன்று மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டி டப்பாவை எடுத்து, 'பாரு பாப்பா, இருபத்துமூணு வருஷமா இது என்கூட இருக்கு, நீயாவது எறக்கி வை' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

"அப்பா..."

"வேண்டாம் பாப்பா. முன்னபின்ன தெரியாத ஆளுங்க. வேலை கேட்டுப் போன எடத்துல நம்ம குத்தத்தை நாமளே சொன்னா யாரு சேத்துக்குவான்? இருக்கிற சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காதே. அந்த அஞ்சு நாள் எட்டு நாள் கதையே போதும். நல்லாத்தான் இருக்கு."

"சரிப்பா" என்றாள். பேனாவை எடுத்து, "அஞ்சாவது அட்டை" என்றாள்.

மறுநாள் காலை இன்டர்வியூ வீட்டிலேயே நடந்தது, கம்ப்யூட்டர் வழியாக. முன்னறையை அவளுக்கு விட்டுவிட்டு நானும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்தோம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கக் கூடாது என்று மனைவி அடியில் துணியை மடித்துப் போட்டாள்.

"தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்குங்க" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கு எதுக்குத் தும்மல் வரப் போகுது?"

"வரக்கூடாதுன்னாத்தான உங்களுக்கு வரும்."

மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கேட்டார்கள். முதல் ஆளுக்கு அவள் தட்டிக்கொண்டே பேசினாள். இரண்டாவது ஆளுக்குப் படம் போட்டாள். நடுவில் லோடு பேலன்சர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனைவி என் தொடையில் இடித்தாள். நன்றாகப் போகிறது என்று குரலிலேயே தெரிந்தது. மூன்றாவது வந்தது ஒரு பெண்மணி. மெதுவாகப் பேசினார்கள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஆனால் பத்து நாள் கேட்ட பதில்கள், எது எவ்வளவு நீளம், எங்கே மூச்சு விடுவாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்ததுமே நாலாவது அட்டை என்று தெரிந்துவிட்டது. அந்த இடம் வந்தது. சின்னதாகச் சிரித்தாள்.

பிறகு அந்தப் பெண்மணி ஏதோ கேட்டார்கள். ரொம்பச் சின்னக் கேள்வி. அதற்குத் தமிழில் என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மகள் பேசவில்லை. நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடு பாப்பா, என் பேச்சைக் கேட்காதே என்று உள்ளுக்குள் கத்தினேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். உட்கார்ந்தே இருந்தேன்.

அப்புறம் அவள் குரல் வந்தது. கடிதம் தாமதமாகப் போட்ட கதை. அந்த நீளம்தான். அப்பா சொன்னதை மீறாத பெண்.

ஆறாவது நாள் பதில் வந்துவிட்டது. வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"வேலை தெரியுதாம். படம் போட்டது ரொம்ப நல்லா இருந்துச்சாம். ஆனா..." நிறுத்தி இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். "இந்தப் பதவில இருக்கிறவங்க தப்புப் பண்ணா முதல்ல எங்ககிட்ட வந்து சொல்லணும். அவங்க சொல்வாங்களான்னு எங்களால தெரிஞ்சுக்க முடியலன்னு எழுதியிருக்காங்க."

அவளே சிரிக்கப் பார்த்தாள். "அம்மா, நாய்க்குட்டி முன்னாடியே உக்காந்திருக்கலாமோ?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. ஆனால் நாய்க்குட்டி வேண்டாம் என்று சொல்லியிருக்காதே. அது சும்மா வாலை ஆட்டிக்கொண்டு கேட்டிருக்கும். அவளும் மனசில் இருந்ததைப் போய்ச் சொல்லியிருப்பாள்.

எழுந்துபோய்ப் பொத்தான் டப்பாவை எடுத்தேன். அடியில் கிடந்த சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"என்னப்பா இது?"

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவேன் என்று தோன்றியது. சட்டைப் பையில் சீட்டை வைத்துக்கொண்டே சீட்டு வரவில்லை என்று சொன்னதுவரை சொன்னேன். மகள் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மனைவி டப்பாவை வாங்கி மூடினாள். "அன்னிக்கு நீங்க சோறு தின்னல" என்றாள். "உடம்புக்கு ஏதோன்னு நெனச்சேன். சீட்டை நான்தான் எடுத்து வெச்சேன். அவசரமான காகிதமா இருக்கும், நீங்க தேடுவீங்கன்னு. நீங்க தேடவே இல்ல."

"இத அன்னைக்கு சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் மகள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுட்டிருந்தேன்."

"பயமா இருந்துச்சு பாப்பா."

"எதுக்கு?"

"நீ என்னை எப்படிப் பாப்பியோன்னு."

அவள் இப்போது பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"அந்தச் சீட்டுக்காரரு எங்க இருக்காரு இப்போ?"

தெரியாது என்றேன். தேடினீங்களா என்று அடுத்துக் கேட்பாள் என்று தெரிந்து நானே சொல்லிவிட்டேன். அவரை வேலையை விட்டு அனுப்பி ஒரு வருடம் ஆகியிருக்கும். நான் லாரியின் பின்பக்கம் பெட்டிகளோடு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். வேறொரு கிடங்கின் வாசலில் அன்றாடக் கூலிக்கு ஆள் எடுக்கிற வரிசையில் அவர் நின்றிருந்தார். சட்டைப் பையில் அப்போதும் பேனா செருகியிருந்தது. மூட்டை தூக்க நிற்கிறவனுக்குப் பேனா எதற்கு? லாரி சிக்னலில் நின்றது. நான் ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிற லோடு வந்தால் வேறு ஆளை அனுப்பிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். இப்போது அந்தக் கிடங்கே அங்கே இல்லை.

மகள் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். தோளிலிருந்த பையை இறக்கினாள். போனை எடுத்து எதையோ தேடினாள்.

"மீசை நம்பர் என்கிட்ட இருக்கு" என்றாள். "மூணு வருஷமா இருக்கு."

"இப்ப சொன்னா உனக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பாருங்கள், அவ்வளவுக்கும் பிறகும் என் நாக்கு அந்தப் பக்கமே போகிறது.

"அந்த வேலை போயிடுச்சுப்பா. இது அதுக்கில்ல" என்றாள். "அந்த மனுஷன் இன்னும் தான்தான் பண்ணோம்னு நெனச்சுட்டிருப்பாரு."

உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. மணி அடிக்கிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. எடுத்துவிட்டார் போல.

"சார், நான்தான் பேசறேன். பழைய ஆபீஸ்ல... ஆமா சார். நல்லாருக்கேன். சார், ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு அந்தக் கணக்கு அழிஞ்சது..." பேச்சு நின்றது. மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது. எந்த அட்டையிலும் இல்லாத பேச்சு. சிரிக்க வேண்டிய இடம் என்று அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் அவள் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். மனைவி டப்பாவைத் திறந்து நீட்டினாள். அதில் போடக் கை வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சட்டையைத் துவைக்கப் போடறப்ப சொல்லுங்க" என்றாள்.